பேட்டர்சன் குடாவின் மிதவைச் சாமந்திகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

நியூசிலாந்தின் தென்கோடியில், 47 பாகை தெற்கு அட்சரேகையை ஒட்டி ஸ்டூவர்ட் தீவு இருக்கிறது. அதன் கிழக்குக் கரையைக் குடைந்துகொண்டு உள்ளே போவது பேட்டர்சன் குடா. வெளியே கடல் எவ்வளவு சீறினாலும் உள்ளே நீர் பெரும்பாலும் அமைதியாகவே கிடக்கும். ஆனால் குளிர் அதிகம். கோடையிலேயே 15, 16 டிகிரியைத் தாண்டுவது அரிது. குளிர்காலத்தில் 10 டிகிரி பக்கம் வந்துவிடும். குடாவின் ஒரு பகுதி 2004 முதல் கடல் காப்பகம். இன்னொரு மூலையில், பிக் குளோரி விரிகுடாவில், சால்மன் கூண்டுகளும் சிப்பி வளர்ப்புக் கயிறுகளும் மிதக்கின்றன.

இங்கே வெளியூர் உயிரி என்றாலே எல்லோரும் உஷாராகிவிடுவதற்குக் காரணம் உண்டு. உண்டாரியா என்ற ஆசியக் கடற்பாசி 1987-இல் வெலிங்டனில் முதலில் தென்பட்டது. பத்து ஆண்டுகளில், 1997-இல், பிக் குளோரிக்கே வந்து சேர்ந்தது. கையால் பிடுங்கி ஒழிக்கப் பார்த்தார்கள்; நடக்கவில்லை. அதனால்தான் படகு கட்டும் மிதவைகள், கயிறுகள், படகின் அடிப்புறம் இவற்றையெல்லாம் தன்னார்வ முக்குளிப்பாளர்கள் அவ்வப்போது பார்த்துப் படம் எடுத்து வைக்கிறார்கள். இந்த நிகழ்வும் அப்படி ஒரு படத்திலிருந்துதான் தொடங்கியது. அதில் விழுந்தவை கடல் சாமந்திகள்; பெயர் பூவைப் போல இருந்தாலும், எதன்மேலாவது ஒட்டி வாழும் மென்னுடல் விலங்குகள் அவை. நான் அந்தக் குழுவுக்குப் பதிவேடு எழுதியவன். இதில் வரும் யாருடைய பெயரையும் குறிப்பிடவில்லை.

முதல் படமும் மூன்று பெயர்களும்

கோடை முடிகிற சமயம். ஒரு மிதவையின் அடிப்புறம், அதிலிருந்து இறங்கும் கயிறு, கயிற்றில் சிக்கிய பழுப்புக் கெல்ப் (பெரிய கடற்பாசி) இலைகள் மூன்றும் ஒரே படத்தில் விழுந்திருந்தன. மூன்றிலும் சிறு கடல் சாமந்திகள் ஒட்டியிருந்தன. இருப்பதில் பெரியதே ஒரு சென்டிமீட்டர்தான். ஃபிளாஷ் வெளிச்சத்தில் எல்லாம் ஒரே மாதிரி வெளிறிய நிறமாகத் தெரிந்தன.

கயிற்றில் கொஞ்சம் கீழே அடர் ரோஜா நிறத்தில் ஒரு திட்டு இருந்தது. வாயைச் சுற்றி விரல்கள் போல நீளும் உணர்நீட்சிகளின் நுனி ஒவ்வொன்றும் குமிழாக முடிந்திருந்ததால் அது கோரினாக்டிஸ் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பார்க்கச் சாமந்தி போலத்தான் இருக்கும். வகைப்பாட்டில் அது கல் பவளங்களுக்கு நெருக்கமான வேறு வரிசை. அதை அப்போதே ஒதுக்கி வைத்துவிட்டோம்.

வெளிறிய கூட்டம்தான் பிரச்சினை. வட அட்லாண்டிக் கடலில் நிறைய முக்குளித்த ஒருவர், இவை மெட்ரிடியம் செனைல் என்ற வடகடல் சிற்றினத்தின் இளம் உயிரிகள் என்றார். இரண்டு ஆதாரங்கள் காட்டினார். படத்தில் சிலவற்றின் தண்டைச் (உருளை போன்ற உடம்பை) சுற்றிக் கழுத்துப்பட்டை போல ஒரு வளையம் தெரிந்தது. தொட்டதும் உடம்பிலிருந்து வெள்ளை நூல்கள் வெளியே வந்தன என்று முக்குளித்தவர் குறிப்பும் எழுதியிருந்தார். மெட்ரிடியத்துக்கு இரண்டுமே உண்டு. வளர்ந்த மெட்ரிடியத்தை யாரும் தவறவிட மாட்டார்கள். வாய்த்தட்டு மடல்மடலாக விரிந்து, மெல்லிய உணர்நீட்சிகள் நூற்றுக்கணக்கில் அடர்ந்திருக்கும். இளையதில் அந்த மடல்கள் இருக்காது. சாதாரண வட்டத் தட்டுதான். எனவே, மடல் இல்லை என்பதை மறுப்பாகச் சொல்லவும் வழியில்லை.

இரண்டாமவர் டயடூமினி லீனியேட்டா என்றார். ஆசியப் பசிபிக் கரையிலிருந்து கப்பல்களோடும் சிப்பிகளோடும் உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்த சிற்றினம் அது. மூன்றாமவர் உள்ளூர்க்காரர். இதெல்லாம் இங்கே எப்போதும் இருக்கிற வெள்ளைக்கோட்டுச் சாமந்தி, அதாவது அந்தோதோ அல்போசிங்க்டா, இதற்கா இவ்வளவு பேச்சு என்றார். ஆனால் அந்த வெள்ளைக் கோடு படத்தில் எங்கேயும் தெரியவில்லை.

சிறு சாமந்திக்குப் படத்தை மட்டும் பார்த்துப் பெயர் சொல்லச் சொன்னால், அவரவர் தமக்குப் பழகிய கடலின் பெயரைத்தான் முதலில் சொல்கிறார்கள். மூவரும் அனுபவசாலிகள் என்பதால் யார் சொன்னதையும் தள்ளிவிட முடியவில்லை.

பெயர் தெரியாமலே தகவல்

முதல் கேள்வி, அரசுக்கு இப்போதே சொல்வதா, அடையாளம் தெரிந்த பிறகு சொல்வதா என்பது. வீணாகப் பதற்றம் கிளப்பினால் அடுத்த முறை நம்மை யாரும் மதிக்க மாட்டார்கள் என்று குழுவில் இருவர் தயங்கினார்கள். அது நியாயமான தயக்கம்தான். ஆனால் நியூசிலாந்தின் 1993-ஆம் ஆண்டு உயிர்ப்பாதுகாப்புச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு, நாட்டில் வழக்கமாகக் காணப்படாததாகத் தோன்றும் உயிரியைக் கண்டால் இயன்றவரை சீக்கிரம் தெரிவிக்கச் சொல்கிறது. தோன்றினால் போதும், நிரூபித்துவிட்டு வரச் சொல்லவில்லை. மெட்ரிடியம் ஏற்கெனவே பூமத்திய ரேகையைத் தாண்டி, தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் துறைமுகத்தில் 1990-களிலேயே காலூன்றியிருந்தது. அதனால் இந்த ஐயத்தைக் கற்பனை என்றும் ஒதுக்க முடியாது.

தகவல் அனுப்பினோம். எந்தச் சிற்றினத்தின் பெயரையும் தலைப்பில் போடவில்லை. 'அடையாளம் உறுதியாகாத சிறு கடல் சாமந்தி. இரண்டு வெளியூர்ச் சிற்றினங்களை இன்னும் விலக்க முடியவில்லை' என்று எழுதி, எதை வைத்து அப்படிச் சொல்கிறோம் என்பதையும் கீழே சேர்த்தோம். பின்னால் பார்க்கும்போது இந்த வாசகம் நன்றாகவே பயன்பட்டது. மெட்ரிடியம் கிடைத்துவிட்டது என்ற செய்தி ஊரில் பரவவே இல்லை.

இரண்டாவது கேள்வி மிதவைக்காரரிடமிருந்து வந்தது. பருவம் முடிவதால் மிதவையை எடுத்து வேறு இடத்தில் கட்ட வேண்டும், அதற்கு முன் சுரண்டிக் கழுவிவிடுகிறேன் என்றார். வேண்டாம், இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டோம். மெட்ரிடியம், டயடூமினி இரண்டுமே ஒட்டிக்கொள்ளும் அடித்தட்டிலிருந்து துண்டுகளை விட்டு அதிலிருந்து புது உயிரிகளை உண்டாக்கக்கூடியவை. நீருக்குள் சுரண்டினால் கிழிந்து விழும் துணுக்குகளில் எத்தனை பிழைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அவர் முணுமுணுத்தபடி ஒப்புக்கொண்டார். அவருக்கு அதில் செலவும் அலைச்சலும் இருந்தன. அதையும் பதிவு செய்ய வேண்டும்.

முதல் ஜாடி

மாதிரி ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது என்று தெரிந்தபோது எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஜாடியைத் திறந்து பார்த்ததும் அது போய்விட்டது. படகில் இருந்த ஸ்பிரிட்டில், மிதவையிலிருந்தும் இலையிலிருந்தும் எடுத்தவை எல்லாம் ஒன்றாகப் போடப்பட்டிருந்தன. உயிரோடு இருந்தவை ஸ்பிரிட் பட்டதும் சுருங்கி, உணர்நீட்சிகளை உள்ளே இழுத்துக்கொண்டு, ஊறிய கொண்டைக்கடலை போல ஆகியிருந்தன. நிறம் போய்விட்டது. எது எதில் ஒட்டியிருந்தது என்பதும் போய்விட்டது.

கடல் சாமந்திக்கு எலும்பும் ஓடும் கிடையாது. மீன், நத்தை, நண்டு போல இறந்த பிறகும் வடிவம் காட்டும் பகுதி எதுவும் அதில் இல்லை. தண்டின் உயரம், வாய்த்தட்டின் அமைப்பு, நிறக்கோடுகள், தொட்டால் என்ன செய்கிறது என்பதெல்லாம் உயிரோடும் விரிந்தும் இருக்கும்போது மட்டுமே கிடைக்கும் தகவல்கள். அந்த ஜாடியை எறிந்துவிடவில்லை. மரபணுச் சோதனைக்கோ கொட்டும் செல்களைப் பார்க்கவோ உதவலாம் என்று முத்திரையிட்டு வைத்தோம். ஆனால் அதை வைத்து முடிவெடுப்பதில்லை என்று தீர்மானித்தோம். முறையான அனுமதி வாங்கி, காப்பக எல்லைக்கு வெளியே இருந்த அதே மிதவையிலிருந்து மறுபடி சேகரித்தார்கள்.

உயிரோடு பார்த்தது

இந்த முறை மிதவையிலிருந்து எடுத்தது, கயிற்றிலிருந்து எடுத்தது, இலையிலிருந்து எடுத்தது என்று தனித்தனிக் குப்பிகள். ஒட்டியிருந்த பொருளோடு சேர்த்தே வெட்டி எடுத்தார்கள், கத்தியால் பெயர்க்கவில்லை. கெல்ப் இலை என்றால் இலைத்துண்டோடு. கயிறு என்றால் அதன் ஓர் இழையோடு. குப்பிகள் குடா நீரிலேயே குளிர்பெட்டிக்குள் இருந்தன. இந்தக் குளிருக்குப் பழகிய சாமந்தியை அறை வெப்பத்தில் மேசைமேல் வைத்தால் ஒன்று சுருண்டுகொள்ளும், அல்லது உப்பி உள்ளுறுப்பு இழைகளை வெளியே தள்ளும். இரண்டுமே பார்ப்பவரை ஏமாற்றும்.

பிறகு காத்திருப்புதான். பகலில் பாதி மூடியே கிடந்தன. இரவில் விளக்கை மங்கலாக்கிய பிறகு ஒவ்வொன்றாக விரிந்தன. கடல் உயிரியல் படிக்கும் மாணவி ஒருவர் பக்கவாட்டிலிருந்து சிறு டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்துப் பார்த்தார். மிதவைக் குப்பியில் இருந்தவற்றின் தண்டில் நேர்நேராக வெள்ளைக் கோடுகள், தலைமயிர் அளவு மெலிதாக, கீழிருந்து மேலே ஓடின. நேர் வெளிச்சத்தில் இவை துளியும் தெரியவில்லை. முதல் படத்தில் ஏன் காணோம் என்பது அப்போதுதான் புரிந்தது.

தண்டு வழவழப்பாக இருந்தது. கழுத்துப்பட்டை எதுவும் இல்லை. அடியிலிருந்து உணர்நீட்சிகள் வரை ஒரே சீராகப் போனது. மெல்லிய தூரிகையால் தொட்டதும் தண்டின் பக்கத்துளைகளிலிருந்து வெள்ளை நூல்கள் சுருள்சுருளாக வந்தன. அகோன்ஷியா என்ற இந்த இழைகள் முழுக்கக் கொட்டும் செல்கள் நிறைந்தவை. ஆக, நூல் உண்டு, பட்டை இல்லை.

அப்புறம் இலைக் குப்பி. எவ்வளவு தொட்டும் ஒரு நூல்கூட வெளியே வரவில்லை. ஆனால் தண்டைச் சுற்றி ஒரு வளைய மடிப்பு இருந்தது. முதல் படத்தில் கழுத்துப்பட்டை என்று காட்டப்பட்டது இதுதான். உருப்பெருக்கியை நெருக்கிப் பார்த்தால் மடிப்புக்குள் குண்டூசித் தலை அளவில் வெளிறிய புள்ளிகள். அதில் ஒன்று மெதுவாகத் திறந்து, எண்ணிவிடக்கூடிய அளவு சில உணர்நீட்சிகளை வெளியே நீட்டியது. எல்லாம் குஞ்சுகள். தாயின் தண்டைச் சுற்றி மடிப்புக்குள் அடைகாக்கப்பட்டுக்கொண்டிருந்தன.

அதோடு மெட்ரிடியம் வாதத்தின் அடித்தளமே ஆட்டம் கண்டது. பட்டை ஒரு விலங்குக்குச் சொந்தம், நூல் இன்னொரு விலங்குக்குச் சொந்தம். இரண்டும் ஒரே படத்தில், ஒரே நிறத்தில், ஒரே அளவில் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததால் இரண்டையும் சேர்த்து, அங்கே இல்லாத மூன்றாவது விலங்கு ஒன்றை நாம் படித்திருக்கிறோம். பெயர் சொன்னவரின் தர்க்கத்தில் பிழை இல்லை. பட்டையும் நூலும் ஒரே உடம்பில் இருந்திருந்தால் அவர் சொன்னதுதான் முதல் ஊகமாக இருந்திருக்கும்.

உணர்நீட்சிகளையும் எண்ணினோம். பாடப்புத்தகம் 6, 12, 24, 48 என்று அழகாக அடுக்கும். மிதவையில் இருந்தவை அந்தக் கணக்குக்கு அடங்கவே இல்லை. இதில் வியப்பில்லை. உடலைப் பிளந்தோ துண்டுவிட்டோ பெருகும் சாமந்திகளில் ஒவ்வொரு பாதியும் குறைந்ததைத் தன் போக்கில் வளர்த்துக்கொள்ளும். எண்ணிக்கை கோணல்மாணலாகத்தான் இருக்கும். சிறு சாமந்திகளுக்கான அடையாளக் குறிப்புகளில் உணர்நீட்சி எண்ணிக்கையை முதல் வரியிலேயே போடுவது எனக்கு உடன்பாடில்லாத பழக்கம். வயதோடும் மாறும், பிளவோடும் மாறும் ஓர் எண்ணை வைத்து என்ன முடிவெடுப்பது?

அதைவிட உருப்படியான தகவல் அடியிலிருந்து கிடைத்தது. சிலவற்றைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டிக்கொள்ள விட்டு, தகட்டைத் தூக்கிக் கீழிருந்து பார்த்தால், மெல்லிய அடித்தட்டின் வழியாக உள்தடுப்புச் சுவர்கள் ஆரங்களாகத் தெரியும். எங்கே சமச்சீர் குலைந்திருக்கிறது என்பதை வெட்டாமலே பார்த்துவிடலாம்.

கயிற்றுக் குப்பியில் இருந்தவை மிகச் சிறியவை. சிப்பித் துணுக்கில் ஒட்டி, மூன்று மில்லிமீட்டர் இருந்தால் அதிகம்; கிட்டத்தட்டக் கண்ணாடி போல ஊடுருவித் தெரிந்தன. நூல் வரவில்லை, பட்டை இல்லை, கோடு இல்லை. எதன் இளமைப் பருவம் என்று சொல்ல ஒரு பிடிமானமும் கிடைக்கவில்லை.

ஆய்வகத்தில்

படமும் குறிப்பும் எடுத்து முடித்த பிறகே பதப்படுத்தினோம். மெக்னீசியம் குளோரைடு படிகத்தை நன்னீரில் 7.5 சதவீதமாகக் கரைத்து, அதைக் கடல்நீரோடு சரிபாதி கலந்து, அந்த நீரை விரிந்திருக்கும் சாமந்தியின் குப்பிக்குள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தார்கள். அவசரப்பட்டால் மூடிக்கொள்ளும். உணர்நீட்சியைத் தொட்டாலும் அசைவில்லை என்ற நிலை வந்ததும், அதன் நுனியில் ஒரு துணுக்கை வெட்டி மரபணுச் சோதனைக்காக 95 சதவீத எத்தனாலில் போட்டு, மிச்சத்தைக் கடல்நீரில் கலந்த 10 சதவீத ஃபார்மலினுக்கு மாற்றினார்கள். மரபணுவுக்கு ஃபார்மலின் ஆகாது. உள்ளமைப்புக்கு எத்தனால் அவ்வளவாக உதவாது. ஒரே உயிரியிலிருந்து இரண்டும் வேண்டும் என்றால் இப்படித்தான் பிரிக்க வேண்டும்.

மாதிரிகள் ஓர் அருங்காட்சியக வகைப்பாட்டு நிபுணரிடம் போயின. மெழுகில் பதித்து, மைக்ரோமீட்டர் கணக்கில் மெல்லிய சீவல்களாக வெட்டி, சாயமேற்றிப் பார்த்தார். அவர் முதலில் தேடியது தண்டின் மேல்விளிம்பில் இருக்கும் சுருக்குத் தசையை. மிதவை உயிரிகளில் அது இரண்டு திசுப்படலங்களுக்கும் நடுவே இருக்கும் கூழ்ப்பகுதிக்குள் பதிந்திருந்தது. இலை உயிரிகளில் அது உட்படலத்தைச் சார்ந்திருந்தது. வெறும் கண்ணுக்கு ஒன்று போலத் தெரிந்தவை குடும்ப அளவிலேயே வேறு என்பது இதில் உறுதியானது. கொட்டும் செல்களை 1000 மடங்கு உருப்பெருக்கத்தில் வகைவாரியாக அளந்தார். அதிலும் மிதவை உயிரிகள் மெட்ரிடியத்தோடு பொருந்தவில்லை.

மரபணுவைப் பற்றி ஒரு வார்த்தை. பல விலங்குகளில் சிற்றினத்தைப் பிரித்துக் காட்டும் மைட்டோகாண்ட்ரிய மரபணுத் துண்டு, கடல் சாமந்திகளில் மிக மெதுவாகவே மாறுகிறது. நெருங்கிய சிற்றினங்களுக்கு நடுவே வித்தியாசமே தெரியாமல் போகலாம். ஆனால் எங்கள் கேள்வி, இது மெட்ரிடியமா, டயடூமினியா, வேறா என்பதுதான். அவ்வளவு தூரத்து உறவுகளைப் பிரிக்க அது போதும். இரண்டும் இல்லை என்றே வந்தது. முதல் ஜாடியிலிருந்து எடுத்த திசுவிலும் அதே பதில் கிடைத்தது. ஆக, அந்த ஜாடியும் முழுக்க வீணாகவில்லை.

முடிவு

மிதவையில் இருந்தவை வெள்ளைக்கோட்டுச் சாமந்தி, அந்தோதோ அல்போசிங்க்டா. உள்ளூர்ச் சிற்றினம். இலையில் இருந்தவை கிரைக்கோஃபோரஸ் நியூட்ரிக்ஸ். 1909-இல் நியூசிலாந்திலிருந்தே விவரிக்கப்பட்ட, கடற்பாசிமேல் வாழ்ந்து குஞ்சுகளைத் தண்டில் சுமக்கும் சாமந்தி. உள்ளூர்க்காரர் சொன்னது பாதி சரி. அவர் எல்லாவற்றையும் வெள்ளைக்கோட்டுச் சாமந்தி என்றார். இலையில் இருந்ததைக் கணக்கில் எடுக்கவில்லை.

கயிற்றில் இருந்த சிறியவற்றுக்குப் பெயர் வைக்கவில்லை. வரிசை அளவில், கடல் சாமந்தி, இளம் உயிரி என்று மட்டும் பதிந்தோம். ஏதாவது ஒரு பெயரை எழுதி முடித்துவிடலாம் என்ற அவசரம் அந்தக் கட்டத்தில் எல்லோருக்கும் இருந்தது. நிபுணர் ஒப்புக்கொள்ளவில்லை. தவறான பெயர் ஒருமுறை தரவுத்தளத்தில் ஏறிவிட்டால் அதை இறக்க ஆள் கிடைக்காது என்றார். அவர் பக்கம்தான் நானும்.

அரசுத் தரப்பில் கோப்பு மூடப்பட்டது. மிதவைக்காரருக்குத் தகவல் போனதும் அவர் மிதவையைக் கரைக்கு எடுத்துச் சுத்தம் செய்து, தான் நினைத்த இடத்தில் கட்டினார். முதல் படத்திலிருந்து அதுவரை சில வாரங்கள் ஆகியிருந்தன. அதில் பெரும்பகுதி சீவல் வெட்டுவதற்கும் சாயமேற்றுவதற்கும் போனது.

அடுத்த முறை மாறுவது

படப்பதிவுத் தாளில் இப்போது ஒரு படத்துக்கு ஓர் உயிரி என்று வைத்திருக்கிறோம். கூட்டத்தைப் படம் எடுக்கலாம், ஆனால் பண்புகளை எழுதும்போது அந்த உயிரியின் எண்ணைப் போட்டே எழுத வேண்டும். நூல் வந்தது என்றால் எந்த எண்ணிலிருந்து வந்தது? பதில் இல்லை என்றால் அந்தக் குறிப்பைக் கணக்கில் சேர்ப்பதில்லை. எதன்மேல் ஒட்டியிருந்தது என்ற கட்டம் தாளின் அடியிலிருந்து மேலே வந்துவிட்டது. ஃபிளாஷ் படத்தோடு, பக்கவாட்டு டார்ச் வெளிச்சத்தில் ஒரு படமும் எடுக்க வேண்டும்.

படகில் ஸ்பிரிட் பாட்டிலுக்குப் பக்கத்தில் மெக்னீசியம் குளோரைடு கரைசலும் இருக்கிறது. அது இல்லாத நாளில் உயிரியைச் சேகரிக்காமல் இடத்தை மட்டும் குறித்துக்கொண்டு வந்துவிடலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். சாமந்தி எங்கேயும் ஓடிவிடாது.

மிதவைக்காரர்களுக்கு ஏற்படும் தாமதம் இன்னும் தீராத விஷயம். உயிரோடு பார்த்த முதல் இரவிலேயே மெட்ரிடியம் இல்லை என்று கிட்டத்தட்டத் தெரிந்துவிட்டது. ஆனாலும் சீவல் முடிவு வரும்வரை மிதவையைப் பிடித்து வைத்தோம். அந்த முதல் இரவின் குறிப்புகளை மட்டும் வைத்துத் தற்காலிகமாக விடுவிக்கலாமா என்பதில் குழு இரண்டாகப் பிரிந்திருக்கிறது. நூலும் பட்டையும் ஒரே உயிரியில் இல்லை என்று இருவர் தனித்தனியாகப் பார்த்து எழுதினால் விடுவிக்கலாம் என்பது என் கருத்து. மிகச் சிறிய மெட்ரிடியத்தில் பட்டை தெளிவாகத் தெரியாமலும் போகலாம் என்று மறுப்பவர்களும் இருக்கிறார்கள். அந்த மறுப்பில் பொருள் இருப்பதால், ஐந்து மில்லிமீட்டருக்குக் கீழே உள்ளவற்றுக்கு என் யோசனை பொருந்தாது என்று வரைவில் திருத்தி எழுதியிருக்கிறேன். வரைவு இன்னும் குழுவின் பார்வையில்தான் இருக்கிறது.